பதவியுயர்வுக் கோப்பில் சைட்டேஷன் கணக்கு: முதல் தடவை தயாரிப்போருக்கு

எனது முதல் பதவியுயர்வு விண்ணப்பம் நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மேலே குத்தியிருந்த துண்டில் ஒரே வரி: ஆய்விதழ்களின் தரத்துக்குச் சான்று இல்லை. மட்டைக்குள் 140 பக்கம் வைத்திருந்தேன். கட்டுரைகளின் முழுப் பிரதி, மாநாட்டுச் சான்றிதழ், அழைப்பிதழ், மேடையில் மாலையோடு நின்ற படம்கூட இருந்தது. கேட்டது மட்டும் இருக்கவில்லை.

இரண்டாம் தடவை சரிவந்தது. இடையில் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ மன்னாரிலோ முல்லைத்தீவிலோ இருந்துகொண்டு இந்தக் கோப்பை முதன்முதலாகத் தயாரிக்கிற தகுதிகாண் விரிவுரையாளர்களையும் ஆராய்ச்சி உத்தியோகத்தர்களையும் மனதில் வைத்திருக்கிறேன். என்னுடைய துறை மண்ணும் நிலத்தடி நீரும். உதாரணங்கள் அங்கிருந்துதான் வரும்.

தொடங்குமுன் ஒன்று. சைட்டேஷன் என்பது ஒருவர் தன் கட்டுரையில் இன்னொருவரின் கட்டுரையை ஆதாரமாகக் காட்டுவது, தமிழில் மேற்கோள். அந்த மேற்கோள்களை எண்ணி வருவதைத்தான் இங்கே எண் என்கிறேன். ஆய்விதழின் எண் வேறு, அதில் வந்த உங்கள் கட்டுரையின் எண் வேறு. நான் இரண்டையும் போட்டுக் குழப்பியிருந்தேன். மதிப்பிட இருக்கிறவர்களிலும் குழப்புகிறவர்கள் உண்டு. அதனால் கோப்பில் இரண்டையும் ஒரே இடத்தில் கலக்காமல் தனித்தனியாகக் காட்டுங்கள்.

1. சுற்றறிக்கையைக் கையில் எடுங்கள்

பல்கலைக்கழகத்தில் இருப்பவர் என்றால் மானியங்கள் ஆணைக்குழுவின் நடைமுறையிலுள்ள சுற்றறிக்கை, அதோடு உங்கள் மூதவை (செனட்) எடுத்த முடிவுகள். திணைக்களத்திலோ ஆராய்ச்சி நிறுவனத்திலோ இருப்பவர் என்றால் சேவைப் பிரமாணக் குறிப்பு. இதை வாசிக்காமல் எண் தேடப் போகவேண்டாம்.

வாசிக்கும்போது நாலு கேள்விக்குப் பதில் எடுங்கள். மேற்கோள்களை எண்ணித் தருகிற இணையத் தரவுத்தளங்களில் எதை ஏற்கிறார்கள்? கட்டுரை வெளிவந்த ஆண்டின் எண்ணா, விண்ணப்பிக்கும் ஆண்டின் எண்ணா? சொந்தக் கட்டுரைகளில் தானே காட்டிய மேற்கோள்களைக் கழிக்கவேண்டுமா? கூட்டாசிரியர்களுக்குப் புள்ளி எப்படிப் பிரியும்? தாளில் பதில் இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் பதில் கிடைக்கும், சான்று கிடைக்காது. வந்த பதிலை அச்செடுத்து மட்டையின் முன்பக்கத்திலேயே வையுங்கள்.

மூத்தவர் ஒருவரின் பழைய கோப்பை வாங்கி அதே மாதிரிச் செய்யலாம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். அவர் விண்ணப்பித்தபோது இருந்த விதி எனக்கு வந்தபோது மாறியிருந்தது. பழைய கோப்பை அடுக்குமுறை பார்க்க மட்டும் வாங்குங்கள்.

2. உங்கள் பெயரை ஒரு பெயராக்குங்கள்

எங்கள் ஆட்களுக்கு இதுதான் பெரிய தலையிடி. கந்தையா சிவகுமார் என்று ஒருவர் இருக்கிறார் என்று வைப்போம். முதல் கட்டுரையில் 'கே. சிவகுமார்'. அடுத்ததில் 'சிவகுமார் கந்தையா'. மூன்றாவதை வெளிநாட்டுக் கூட்டாசிரியர் அனுப்புகிறார். குடும்பப் பெயர் எது என்று அவருக்குத் தெரியாது, 'எஸ். கந்தையா' என்று போட்டுவிடுகிறார். இப்போது அந்தக் கட்டுரையை எழுதியவர் அப்பா. தரவுத்தளம் இந்த மூன்றையும் மூன்று ஆட்களாகத்தான் பார்க்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு இருக்கிறது. தமிழில் ஒரே 'சி'யாக இருப்பது, ஒரு கட்டுரையில் எச் எழுத்தோடும் இன்னொன்றில் அது இல்லாமலும் வந்திருக்கும். கலியாணத்துக்குப் பிறகு முதலெழுத்து மாறிய பெண் ஆய்வாளர்களுக்கு இது இரண்டு மடங்கு.

எனக்கு 9 கட்டுரைகள். ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் தேடியபோது நான் மூன்று ஆளாக இருந்தேன்: ஒருவருக்கு 5, ஒருவருக்கு 3, ஒருவருக்கு 1. மூவரில் யாருடைய கணக்கைக் கோப்பில் வைத்தாலும் நான் பாதி ஆள்தான்.

செய்யவேண்டியது இதுதான். ஆங்கிலத்தில் ஒரே வடிவத்தைத் தெரிவு செய்து, இனிமேல் எந்தக் கட்டுரைக்கும் அதையே கொடுங்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஓர்கிட் எண் எடுங்கள். 16 இலக்கம், இலவசம், பத்து நிமிட வேலை. பழைய பெயர் வடிவங்களை அதில் 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் சேருங்கள். கட்டுரை அனுப்பும்போதெல்லாம் இந்த எண்ணைக் கொடுங்கள்.

நிறுவனப் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. வவுனியா வளாகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்து, 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனியே இயங்குகிறது. அங்கே வேலை செய்கிறவர்களின் பழைய கட்டுரைகள் ஒரு நிறுவனத்தின் கீழும் புதியவை இன்னொன்றின் கீழும் கிடக்கலாம். பழைய கட்டுரையில் அச்சான முகவரியை மாற்ற முயலவேண்டாம். அது அந்தக் காலத்துக்குச் சரியான முகவரி. பட்டியலின் அடியில் ஒரு வரியில் விளக்கம் எழுதினால் போதும். கிளிநொச்சி அறிவியல்நகரில் இருப்பவர்கள் பீடத்தின் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரை விட்டுவிடாதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்று முழுதாக எழுதினால்தான் தரவுத்தளம் பிடிக்கும்.

3. மூன்று கணக்குகளையும் துப்புரவாக்குங்கள்

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்கொலரில் கணக்குத் திறப்பது சுலபம். நிறுவன மின்னஞ்சலால் உறுதிப்படுத்தினால்தான் மற்றவர்கள் தேடும்போது உங்கள் பக்கம் தெரியும். கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்தி, 'என்னிடம் கேட்டுவிட்டுச் சேர்' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயருள்ள வேறொருவரின் கட்டுரையும் வந்து ஒட்டிக்கொள்ளும். என் கணக்கில் இதய சத்திரசிகிச்சை பற்றிய கட்டுரை ஒன்று ஆறு மாதம் கிடந்தது. மேற்கோள் எண்ணிக்கை கூடினால் சந்தோசமாகத்தான் இருக்கும். மண் ஆய்வாளர் எப்போது இதயம் வெட்டினார் என்று நேர்முகத்தில் கேட்டால் பதில் இருக்காது.

ஸ்கோபஸில் கணக்குத் திறக்கத் தேவையில்லை. உங்கள் பெயரில் அது தானாகவே ஒரு பக்கம் உருவாக்கியிருக்கும். சந்தா இல்லாமலும் அதைப் பார்க்கலாம். பிரிந்து கிடக்கும் பக்கங்களை இணைக்கும்படி இலவசமாகக் கேட்கவும் வழி இருக்கிறது. எனக்கு மூன்று கிழமை எடுத்தது. கோப்புக் கொடுப்பதற்கு முந்திய வாரத்தில் இதைத் தொடங்கினால் கதை முடிந்தது.

மூன்றாவது தரவுத்தளமான வெப் ஒஃப் சயன்ஸில் ஆய்வாளர் பக்கம் இலவசமாகத் திறக்கலாம். உங்கள் கட்டுரை அங்கே இல்லாவிட்டால் பதறவேண்டாம். அது எடுத்துக்கொள்ளும் ஆய்விதழ்கள் குறைவு.

மூன்றிலும் எண் மூன்று விதமாக வரும். என்னுடைய ஒரே கட்டுரைக்கு கூகுளில் 31, ஸ்கோபஸில் 17, வெப் ஒஃப் சயன்ஸில் 12. கூகுள் ஆய்வேடுகளையும் முன்பிரதிகளையும் (ஆய்விதழில் வருமுன் இணையத்தில் போடுபவை) மாநாட்டுத் தொகுப்புகளையும் எண்ணுகிறது, மற்றவை தாங்கள் தெரிந்தெடுத்தவற்றை மட்டும் எண்ணுகின்றன. எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒரு கட்டுரைக்குக் கூகுள் எண், அடுத்ததற்கு ஸ்கோபஸ் எண் என்று எது பெரிதோ அதைப் பொறுக்கி வைக்காதீர்கள். ஒரு நிரலுக்கு ஒரு தரவுத்தளம்.

4. எந்த எண் எதைச் சொல்கிறது

இம்பாக்ட் ஃபாக்டர் ஆய்விதழுக்கு உரியது. ஓர் ஆய்விதழில் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வந்தவற்றுக்கு 2024இல் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த ஆய்வுக் கட்டுரைகளினதும் மீளாய்வுக் கட்டுரைகளினதும் (முந்திய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்பவை) தொகையால் வகுத்தால் வருவது 2024க்கான எண். வெப் ஒஃப் சயன்ஸை நடத்தும் கிளாரிவேட் என்ற நிறுவனம் அதை அடுத்த ஆண்டு ஜூனில் வெளியிடும். ஆக, 2025 ஜூனில் வந்த அறிக்கையில் இருப்பது 2024இன் எண். இந்த ஓராண்டு வித்தியாசத்தில் பலர் சறுக்குகிறார்கள். இன்னொன்று: 2023 ஜூன் முதல் இந்த எண் ஒரே ஒரு தசம தானத்தோடுதான் வெளியாகிறது. அதற்குப் பிந்திய ஆண்டுக்கு '3.482' என்று ஓர் ஆய்விதழ் போட்டிருந்தால், எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

சைட்ஸ்கோர் என்பது ஸ்கோபஸின் எண். நாலு ஆண்டில் வந்தவற்றுக்கு அதே நாலு ஆண்டில் கிடைத்த மேற்கோள்களை வைத்துக் கணக்கிடுவார்கள். சந்தா இல்லாமல் பார்க்கலாம், பழைய ஆண்டுகளின் எண்ணும் கிடைக்கும். சிமாகோ என்ற தளம் வெளியிடும் எஸ்ஜேஆர் என்பதும் ஸ்கோபஸ் தரவில் இருந்துதான் வருகிறது, ஆனால் எல்லா மேற்கோளுக்கும் ஒரே நிறை கொடுக்காது. மதிப்புள்ள ஆய்விதழிலிருந்து வரும் மேற்கோளுக்குக் கூடிய நிறை. ஒரு துறையின் ஆய்விதழ்களை வரிசையாக்கி நாலாகப் பிரித்தால் மேல் காற்பங்கு கியூ1, அடுத்தது கியூ2. ஆட்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் இந்தச் சிமாகோ தளத்தின் காற்பங்கைத்தான். கிளாரிவேட்டுக்கும் தனியாகக் காற்பங்கு உண்டு, இரண்டும் ஒத்துவராமல் போகலாம். ஒரே ஆய்விதழ் மண்ணியலில் கியூ1 ஆகவும் சுற்றாடலியலில் கியூ3 ஆகவும் இருக்கலாம். அதனால் 'கியூ1' என்று மட்டும் எழுதுவதில் அர்த்தமில்லை. 'சிமாகோ, 2023, மண்ணியல், கியூ1' என்று எழுதுங்கள்.

எச்-இன்டெக்ஸ் உங்களுக்கு உரியது. உங்கள் கட்டுரைகளை மேற்கோள் கூடியதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாக எழுதுங்கள். 14, 9, 5, 4, 2, 0 என்று வந்தால், நாலு கட்டுரைகளுக்குக் குறைந்தது நாலு மேற்கோள் இருக்கிறது. ஐந்தாவதற்கு ஐந்து இல்லை. எச் என்பது 4. இது ஏறுமே தவிர இறங்குவது அரிது. ஆகவே வயது கூடியவருக்கு எப்போதும் சாதகம். வேலைக்கு வந்து ஐந்து வருடமானவரை இருபது வருடக்காரரோடு இதை வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை.

இனி அந்தக் குழப்பத்துக்கு வருவோம். ஓர் ஆய்விதழ் இரண்டு ஆண்டில் 100 கட்டுரை போட்டது, மேற்கோள் 300 வந்தது, எண் 3.0 என்று வையுங்கள். பார்த்தால் ஐந்தே ஐந்து மீளாய்வுக் கட்டுரைகள் 200ஐ வாரிக்கொண்டு போயிருக்கும். மீதி 95 கட்டுரைகளும் 100 மேற்கோளைப் பங்குபோட்டிருக்கும், அதிலும் பலதுக்குப் பூச்சியம். ஊருக்குச் சராசரியாக இவ்வளவு மழை என்று சொன்னாலும் உங்கள் வயலுக்குப் பெய்ததா என்று போய்ப் பார்த்தால்தானே தெரியும். ஆய்வுகளை மதிப்பிடுவது பற்றி 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் இதைத்தான் சொன்னது: ஆய்விதழின் எண்ணைத் தனிக் கட்டுரையின் தரத்துக்கோ தனியாளின் பங்களிப்புக்கோ பதிலாக வைக்காதீர்கள். அதே விடயம் பற்றி 2015இல் வெளியான லைடன் அறிக்கையின் பத்துக் கோட்பாடுகளில் முதலாவது, எண்கள் நிபுணரின் மதிப்பீட்டுக்குத் துணையாக இருக்கவேண்டும் என்பது. எங்கள் படிவங்களில் இன்னும் ஆய்விதழ் எண்ணுக்கான நிரல் இருக்கிறது. நிரலை நிரப்பத்தான் வேண்டும். பக்கத்தில் உங்கள் கட்டுரையின் சொந்த மேற்கோளையும் வையுங்கள்.

துறைக்குத் துறையும் மாறும். மருத்துவத்தில் சாதாரணமாக வருகிற மேற்கோள் எண்ணிக்கை கணிதத்தில் மிகப்பெரியது. மதிப்பிடுபவர் வேறு துறைக்காரராக இருந்தால், உங்கள் துறைப் பட்டியலில் அந்த ஆய்விதழ் எத்தனையாவது இடம் என்று எழுதிவிடுவது உதவும்.

5. போலி எண்ணைக் கண்டுபிடியுங்கள்

2019இல் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 'மாண்புமிகு பேராசிரியர் அவர்களே' என்று தொடங்கியது. நான் அப்போது தகுதிகாண் விரிவுரையாளர். இம்பாக்ட் ஃபாக்டர் 6.7, ஐந்து நாளில் ஏற்பு, கட்டணம் 60 டொலர். அண்ணையின் கடன் அட்டையில் கட்டினேன், கிட்டத்தட்ட 11,000 ரூபா. நாலாம் நாள் ஏற்புக் கடிதம் வந்தது, திருத்தம் ஒன்றுமில்லை. அட்டவணை 2இல் உவர்ச் செறிவின் அலகையே நான் பிழையாகப் போட்டிருந்தேன். அதுவும் அப்படியே அச்சாகியிருந்தது. அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த புள்ளி பூச்சியம். அதே தரவை நல்ல ஆய்விதழுக்கு இனி அனுப்பவும் முடியாது. 11,000 ரூபாவைவிட அதுதான் நட்டம். இரண்டு வருட மாதிரிகள் அவை.

பணம் கட்டுமுன் பார்க்கவேண்டியவை. கிளாரிவேட்டின் முதன்மை ஆய்விதழ்ப் பட்டியலில் ஐஎஸ்எஸ்என் எண்ணை (ஆய்விதழின் அடையாள எண்) போட்டுத் தேடுங்கள்; இலவசம். பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், பெயரைத் திருடிய நகல் தளங்கள் இருக்கின்றன. பிறகு ஸ்கோபஸின் மூலப் பட்டியலில் தேடுங்கள். அங்கே எந்த ஆண்டு வரை எடுக்கப்பட்டிருக்கிறது என்று இருக்கும். அது கடந்துபோன ஓர் ஆண்டோடு நின்றிருந்தால் ஆய்விதழைக் கைவிட்டிருக்கலாம். மின்னஞ்சலில் வந்த இணைப்பால் ஆய்விதழின் தளத்துக்குப் போகாதீர்கள். திறந்த அணுகல் ஆய்விதழ் (யாரும் இலவசமாக வாசிக்கக்கூடியது) என்றால், அவற்றுக்கான டிஓஏஜே பட்டியலிலும் பாருங்கள்.

'உலக', 'சர்வதேச', 'அறிவியல்' என்ற அடைமொழியோடு இம்பாக்ட் ஃபாக்டர் விற்கிற நிறுவனங்கள் பல. கிளாரிவேட் தராத இம்பாக்ட் ஃபாக்டரைக் கோப்பில் எழுதவேண்டாம். 'கூகுள் ஸ்கொலரில் பட்டியலிடப்பட்டது' என்பதும் தகுதியல்ல. இணையத்தில் கிடக்கிற எதையும் அது எடுக்கும்.

நல்ல பெயர் உள்ள ஆய்விதழும் நீக்கப்படலாம். 2023 மார்ச்சில் கிளாரிவேட் 50க்கு மேற்பட்ட ஆய்விதழ்களை வெப் ஒஃப் சயன்ஸிலிருந்து நீக்கியது. ஆகவே ஏற்புக் கடிதம் வந்த அன்றே பட்டியல் பக்கத்தைத் திகதி தெரியும்படி பிடிஎஃப் ஆக்கிச் சேமித்து வையுங்கள். என்னிடம் இது இருந்திருந்தால் முதல் கோப்பே தப்பியிருக்கும்.

6. கட்டுரைக்கு ஒரு தாள்

140 பக்கத்தை யாரும் புரட்டமாட்டார்கள். கட்டுரை ஒன்றுக்கு ஒரு ஏ4 தாள் வைத்தேன். மேலே முழு விவரமும் டிஓஐ எண்ணும் (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளம்). நடுவில் இரண்டு பெட்டி: இடப்பக்கம் 'ஆய்விதழ்' (தரவுத்தளம், ஆண்டு, பிரிவு, எண்), வலப்பக்கம் 'இந்தக் கட்டுரை' (மேற்கோள், சொந்த மேற்கோள் கழித்த எண்ணிக்கை, பார்த்த திகதி). கீழே என் பங்கு மூன்று வரியில்: மாதிரி எடுத்தது, ஆய்வுகூட வேலை, முதல் வரைவு. தாளுக்குப் பின்னால் கட்டுரையின் முதல் பக்கமும் ஸ்கிரீன்ஷொட்டும் மட்டும். ஸ்கிரீன்ஷொட்டில் இணைய முகவரியும் திகதியும் தெரியவேண்டும். கைபேசியில் எடுத்தால் முகவரி வெட்டுப்படும், கணினியில் எடுங்கள்.

யார் மேற்கோள் காட்டினார்கள் என்பதையும் ஒருமுறை போய் வாசியுங்கள். என்னுடையதை மேற்கோள் காட்டிய 17இல் நாலு, முன்னுரையில் பத்துப் பேரோடு பதினோராவதாகப் போட்டவை. ஒன்று என் முறையை அப்படியே எடுத்து வேறு நாட்டு வயலில் செய்து பார்த்திருந்தது. அந்த ஒன்றைப் பற்றித்தான் தாளில் எழுதினேன். நேர்முகத்தில் கேட்டதும் அதைத்தான்.

7. எண் வராத வேலையை என்ன செய்வது

தமிழில் எழுதுகிற இலக்கிய, வரலாற்று, சமூகவியல் ஆய்வாளர்களுக்கு மேலே சொன்னதில் முக்கால்வாசி பயன்படாது. தமிழ் ஆய்விதழ்கள் பெரும்பாலும் இந்தத் தரவுத்தளங்களில் இல்லை. அங்கே கையால்தான் வேலை. உங்கள் கட்டுரையை எடுத்தாண்ட நூல்களையும் ஆய்வேடுகளையும் தேடி, மேற்கோள் காட்டிய பக்கத்தையும் நூலின் தலைப்புப் பக்கத்தையும் போட்டோக்கொப்பி எடுங்கள். 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஏராளமாக இருப்பதால் வவுனியாவில் இருந்தே பாதித் தேடலை முடிக்கலாம். பாடத்திட்டத்தில் சேர்த்திருந்தால் அந்தப் பாடத்திட்டப் பக்கம், மதிப்புரை வந்திருந்தால் மதிப்புரை.

உள்நாட்டு ஆங்கில ஆய்விதழ்களைக் குறைவாக நினைக்கவேண்டாம். இலங்கை ஆய்விதழ்களின் இணையத் தொகுப்பான எஸ்எல்ஜோலில் இருப்பவற்றுக்கு டிஓஐ எண் கிடைக்கும். தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஆய்விதழுக்கு இம்பாக்ட் ஃபாக்டரே உண்டு.

இதையும் சொல்லவேண்டும். கிணற்று நீரின் உவர்ப்பைப் பற்றி நான் எழுதிய ஒரு கட்டுரைக்கு ஸ்கோபஸில் இன்றுவரை இரண்டே மேற்கோள். போன வருடம் ஒரு கமநல சேவை நிலையத்துக்குப் போனபோது சுவரில் அதன் அட்டவணை 3 ஒட்டியிருந்தது. யாரோ தமிழாக்கி, எந்த அளவுக்கு மேல் வெங்காயத்துக்கு இறைக்கக்கூடாது என்று சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தார்கள். என் பெயர் இல்லை. அங்கிருந்த உத்தியோகத்தரிடம் இரண்டு பந்தியில் ஒரு கடிதம் வாங்கி, சுவரின் படத்தோடு கோப்பில் வைத்தேன். அதற்குப் புள்ளி கிடைத்ததோ தெரியாது. உங்களிடமும் இப்படி ஏதாவது இருந்தால் வையுங்கள்.

8. செலவும் நாட்களும்

மொத்தம் இரண்டரை மாதம் ஒதுக்குங்கள். பெயர் இணைப்புக்கு ஒரு மாதம், எண் சேகரிக்க இரண்டு கிழமை, கடிதங்களுக்கு மூன்று கிழமை, அச்சுக்கும் கட்டுக்கும் மிச்சம். ஜூனில் கொடுப்பதாக இருந்தால் கவனம். புதிய எண்கள் வருகிற மாதம், பாதிக் கோப்பு பழைய எண்ணிலும் பாதி புதியதிலும் நிற்கும். ஒன்றில் மேயில் முடியுங்கள், அல்லது ஜூலைக்குப் போங்கள்.

எண்களைப் பார்க்கக் காசு தேவையில்லை. கிளாரிவேட்டின் முழு அறிக்கைக்கு மட்டும் சந்தா வேண்டும். உங்கள் நூலகத்தில் இல்லாவிட்டால் சந்தா உள்ள இடத்தில் இருக்கும் நண்பரிடம் அந்தப் பக்கத்தை மட்டும் கேளுங்கள். எனக்குச் செலவானது அச்சு, போட்டோக்கொப்பி, ஸ்பைரல் கட்டு, பஸ் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாவுக்குக் கிட்ட. மூன்று பிரதி கேட்டார்கள். நான் நாலு அடித்தேன். கட்டுரை வெளியிடும் கட்டணம் தனிக்கதை: திறந்த அணுகல் ஆய்விதழ்களில் சில நூறு டொலரிலிருந்து சில ஆயிரம் டொலர் வரை போகும். கட்டண விலக்கோ கழிவோ கேட்பதாக இருந்தால் கட்டுரையை அனுப்பும்போதே கேளுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் பெரும்பாலும் தரமாட்டார்கள்.

கோப்பைக் கொடுக்கும்போது உள்ளடக்கப் பக்கத்தின் பிரதி ஒன்றில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். என் முதல் கோப்பில் சேர்ந்த திகதியே பதியப்படவில்லை. நாலு மாதம் என்று நான் சொல்வதுகூட பஸ் ரிக்கட்டைப் பார்த்து எண்ணியதுதான்.